ஊசி போடாத மூன்று ஆடுகள்

துள்ளுமாரி ஏழை வீட்டு நோய் அல்ல. மெலிந்த ஆடு, நொண்டி ஆடு, பல் போன கிழட்டு ஆடு இவற்றையெல்லாம் அது ஏறெடுத்தும் பார்க்காது. பட்டியில் எது கொழுகொழுவென்று நிற்கிறதோ, எதைப் பார்த்து வீட்டுக்காரன் மனசுக்குள் சிரித்துக்கொள்கிறானோ, அதைத்தான் தூக்கும். சாயங்காலம் வயிறு முட்டத் தின்ற ஆடு விடிந்ததும் ஒரு துள்ளு துள்ளும், கழுத்தைப் பின்னுக்கு வளைக்கும், காலை உதறும், அவ்வளவுதான். வைத்தியரைக் கூப்பிடப் போன ஆள் திரும்பி வருவதற்குள் தோல் உரிக்கிற ஆள் வந்து நிற்பான்.

மணலாற்றின் இரண்டு கரையிலும் இதை முல்வா சொல்லாத இடம் கிடையாது. சந்தையில் சொன்னார், சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களை மறித்துச் சொன்னார், ஒருமுறை துக்க வீட்டில் குழி மூடுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டுப் பாதிரியாரிடம் திட்டு வாங்கினார். அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்பெட்டி ஒன்று வைத்திருந்தார். அதில் வெண்ணெய் இருக்காது, மீன் இருக்காது, ஆட்டுத் தடுப்பூசி மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் ஆனைப்புளிய மரத்தடியில் முள்வேலி கட்டி, கரை முழுக்க உள்ள ஆடுகளை வரவழைத்துக் குத்துவார். முதல் ஊசி, சில வாரம் கழித்து இரண்டாம் ஊசி. ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் ஊசிக்காரர்.

அவர் பிரசங்கம் ரொம்பச் சின்னது. "ஊசி போட்டா சாகாது. போடலன்னா செத்துப்போகும்." அவ்வளவே. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு பெரிய காடே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த விஷக்கிருமி எல்லா ஆட்டுக் குடலிலும் கொஞ்சம் குடியிருக்கத்தான் செய்யும். மலையேறி முள்ளைக் கடித்துத் திரிகிற ஆட்டுக்கு அது துளித் துளியாக விஷம் கொடுக்க, அந்த ஆட்டின் ரத்தமும் துளித் துளியாகப் பழகிக்கொள்ளும். ஊசி செய்கிற வேலையைச் சில ஆட்டுக்கு மலையே செய்துவிடும். எல்லா ஆட்டுக்கும் அல்ல, எல்லாக் காலத்துக்கும் அல்ல, ஆனால் செய்யும். பயிற்சிப் பள்ளியில் படித்த பாடம்தான். ஆனால் சனங்களிடம் ஒரு 'ஆனால்' சொன்னால் அந்த 'ஆனாலை' மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது முல்வாவின் கணக்கு. அதனால் அந்தப் பாடத்தை இத்தனை வருஷமாக விழுங்கியே வைத்திருந்தார்.

விழுங்க முடியாத ஆள் ஒருவர் எதிர்க்கரையில் இருந்தார். பெயர் கிதோமே. அவருடைய ஆடுகள் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருக்கும், மலை உச்சிப் பாறையில் நின்றுகொண்டு குடைவேல மரத்தைக் கொறிக்கும். ஒன்றுக்கும் ஊசி போட்டதில்லை. ஒன்றும் துள்ளுமாரியில் செத்ததுமில்லை.

"ஏன்யா ஊசிக்காரரே, என் ஆடு செத்துப்போகும்னு போன வருஷம் சொன்னீரு, முந்தின வருஷமும் சொன்னீரு," என்று சந்தை நடுவில் கிதோமே ஆரம்பிப்பார். "என் ஆட்டுக்குக் காது கேக்கலையா, இல்ல உம்ம பேச்ச மதிக்கலையா?"

"உங்க நேரம் நல்லாருக்கு அண்ணே. என்னிக்காவது ஒரு நாளு..."

"என்னிக்காவது ஒரு நாளு நானுந்தான் சாவேன். அதுக்கும் ஊசி வச்சிருக்கீரா?"

சந்தை கொல்லென்று சிரிக்கும். முல்வாவும் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்துதான் பல்லைக் கடிப்பார்.

இப்படி இருக்கும்போது முல்வாவின் ஒரே மகன் கிட்டோங்கா, மொம்பாசாவில் லாரி மெக்கானிக், உலகத்தில் வேறு பெண்ணே பிறக்காதது போல கிதோமேயின் மகள் முவேனியைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் முறைப்படி ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டுப் பிடித்திருக்கலாம். அதற்கெல்லாம் பொறுமை இல்லாமல் அவளை மொம்பாசாவுக்கே கூட்டிப்போய்விட்டான். முவேனிக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் கிதோமே மொம்பாசாவுக்கே போய் மகளைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

மணலாற்றங்கரையில் கல்யாணம் என்றால் மோதிரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ந்தேயோ ஆடுகள் மூன்று, அதாவது இரண்டு பெட்டையும் ஒரு கிடாயும், பெண் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரவேண்டும். சேருகிற வரைக்கும் பெண் அப்பன் வீட்டுப் பெண், அவள் வயிறு அப்பன் வீட்டு வயிறு. பிரசவத்துக்கு முன்னால் ஆடு வந்துவிட்டால் பிறக்கிற பையனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயர். வராவிட்டால் குழந்தை கிதோமே வீட்டுப் பிள்ளை, பெயர் வைப்பதும் அவர் பாடு. அவர் என்ன பெயர் வைப்பார் என்று யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

முல்வாவுக்கு அந்தப் பெயர் வேண்டும். இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அந்த ஆசை அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஆயுசு முழுக்க ஊசிக்காரர், ஊசிக்காரர் என்று கூப்பிடக் கேட்டாயிற்று. தான் போன பிறகாவது "முல்வா, சாப்பிட வா" என்று ஒரு வீட்டு வாசலில் யாராவது கத்தவேண்டும்.

கிதோமே ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மூணு ஆடு கொண்டாங்க. நான் கையால தடவிப் பாப்பேன். தோலுல ஊசிக்கட்டி ஒண்ணு தட்டுப்பட்டாலும் அது ஆடு இல்ல, நோயாளி. பொண்ணக் குடுத்து நோயாளி வாங்குனான் கிதோமேன்னு ஊரு சிரிக்கும்."

தடவிப் பார்ப்பேன் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. கண் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல், "பாக்குறவன் ஏமாறுவான், தடவுறவன் ஏமாற மாட்டான்" என்று ஒரு தத்துவமாகவே ஆக்கி வைத்திருந்தார். அந்த ஊசி மருந்துக்கும் ஒரு குணம் உண்டு. போட்ட இடத்தில் அவரைக்கொட்டை போல ஒரு கட்டி எழும்பும். வாரக்கணக்கில் அப்படியே நிற்கும்.

முதல் ஊசி போடுகிற நாள் வந்தது. இரண்டு கரை ஆடுகளும் ஆனைப்புளிய மரத்தடியில் கத்திக்கொண்டு நின்றன. கிதோமேயைத் தவிர அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முல்வாவின் சொந்தப் பட்டியும் வந்திருந்தது, தேர்ந்தெடுத்த மூன்றைத் தவிர.

சாயங்காலம் அவர் மனைவி கமேனே தேநீரை முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எல்லாத்துக்கும் போட்டாச்சா?"

"ஆச்சு."

"அப்ப அடுப்படிக்குப் பின்னால கட்டிக் கெடக்குறது என்ன, நாயா?"

"அதுங்களுக்கு அப்புறமாப் போட்டுக்கலாம். கட்டி கைல தட்டுச்சுன்னா அந்த மனுசன் தாம்தூம்னு குதிப்பாரு."

"போன மழைக்கும் இதுங்களுக்குப் போடல."

"அப்பவே நம்ம பய விஷயம் காதுல விழுந்துருச்சு. முன்யோசனையா விட்டு வச்சேன்."

"ஞாயித்துக்கெழம சர்ச்ல என்ன முழங்குனீங்க? 'ஊசி ஆளுக்கு ஆள் மூஞ்சி பாக்காது'ன்னு முழங்குனீங்களே கிட்டோங்கா அப்பா. இப்ப சம்பந்தி மூஞ்சியப் பாத்துருச்சா?"

முல்வா தேநீரை ஊதிக் குடித்தார். சூடாக இல்லாத தேநீரை எதற்கு ஊதுகிறார் என்று கமேனே கேட்கவில்லை.

ஊசிதான் இல்லை, உபசாரமாவது இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தீனியில் இறங்கிவிட்டார். மாவு மில்லிலிருந்து தவிடு, காராமணிக் கொடி, அப்புறம் ஒரு கைப்பிடி சோளம். "திடீர்னு தானியம் வைக்காதீங்க, குடல்ல கெடக்குற கிருமிக்கு நீங்களே விருந்து வைக்கிற மாதிரி" என்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே கைதான். ஆடுகளின் தோல் மினுமினுக்க ஆரம்பித்தது. செவலைப் பெட்டை ஒன்று அவர் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கும். அந்த மினுமினுப்பைப் பார்க்கப் பார்க்கக் கைப்பிடி ஒரு குவளை ஆயிற்று, குவளை ஒரு வட்டில் ஆயிற்று. கிதோமேயின் விலா எலும்பு ஆடுகளுக்கு நடுவில் இந்த மூன்றும் போய் நிற்கிற காட்சியை நினைத்து நினைத்தே அள்ளிப் போட்டார்.

ஆட்டை ஓட்டிப்போக ஒரே நாள் பாக்கி இருந்தது. விடிந்ததும் வட்டிலோடு போனவர் அப்படியே நின்றுவிட்டார். கிடாய் உப்பிக் கிடந்தது. ஒரு பெட்டை அதன் மேல் தலையைச் சாய்த்து விறைத்துக் கிடந்தது. செவலைக்கு மட்டும் உயிர் இருந்தது. கழுத்து பின்னுக்கு வளைந்து, நான்கு காலும் ஓடுவது போலக் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது. அவர் காலடி கேட்டும் அதனால் எழுந்திருக்க முடியவில்லை. பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறு செய்வதற்கு ஒன்றும் கிடையாது என்று அந்தக் கரையில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஊசிமருந்து சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்பெட்டியில் ஜில்லென்று இருந்தது.

செவலையும் அடங்கிய பிறகு அவருக்கு அழுகை வந்தது. ஆட்டுக்காக அழுகிறோமா, வெட்கத்துக்காக அழுகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து கிதோமேயின் மனைவி கசீவா, மறுநாள் எத்தனை பேருக்குச் சமைப்பது என்று கேட்க ஆற்றைத் தாண்டி வந்து நின்றாள். மூன்று ஆடுகளையும் பார்த்தாள், முல்வாவைப் பார்த்தாள், கமேனேயைப் பார்த்தாள். அவளுக்குப் பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"கட்டி இல்லாத ஆடு வேற வச்சிருக்கீங்களா?" என்றாள்.

"என் பட்டில இல்ல."

"ஊருல?"

முல்வா யோசித்தார். இந்தக் கரையில் சர்ச் பாடகர் குழுத் தலைவன் மலூக்கி ஆடு, கட்டி. மில்காரன் ஆடு, கட்டி. வாத்தியார் ஆடு, கட்டி. எதிர்க்கரையில் சாராயம் காய்ச்சுகிறவன் கூட அந்த வருஷம் மனம் திருந்தி ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். வீடு வீடாக அலைந்து, நயந்து, பயமுறுத்தி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு ஆடு விடாமல் குத்தி முடித்த பெருமை அவரைச் சேர்ந்தது. இரண்டு கரையிலும் ஊசி படாத தோல் ஒரே ஒரு பட்டியில்தான் இருந்தது.

"உங்க வீட்டுலதான் இருக்கு," என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

கசீவா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மகளை நினைத்தாள்.

"மூணு ஓட்டியாறேன். தம்பி வீட்டுக்குப் போயிருக்குன்னு அவருகிட்ட சொல்லிக்கிறேன். கழுத்து, முதுகு, தொடை இதத்தான் தடவுவாரு. காத எதுக்குத் தடவப் போறாரு? காதுலயா ஊசி போடுறீங்க?"

காதைச் சொன்னதற்குக் காரணம், கிதோமே வீட்டு ஆடு ஒவ்வொன்றுக்கும் இடது காதில் இரட்டை வெட்டு உண்டு.

மறுநாள் கிதோமேயின் வாசலில் இரண்டு வீட்டு உறவும் அக்கம்பக்கமும் கூடியது. பெரிய பானையில் சோளமும் பயறும் கலந்த இஸ்யோ வெந்துகொண்டிருந்தது, கிடாயை அறுத்தால் வாட்டுவதற்கு நெருப்பும் தயாராக இருந்தது. முவேனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். கிதோமே முக்காலியில் அமர்ந்து கையை நீட்டினார்.

முதலில் கிடாய். கழுத்து, தோள், விலா, தொடை. "ம்," என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அடுத்து ஒரு பெட்டை. "ம்ம்." மூன்றாவதாக நின்ற பெட்டையை முல்வா முன்னால் தள்ளவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது தானாகப் போய், கிதோமேயின் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டு உப்புக் கட்டியைத் தேடியது.

கிதோமேயின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக மேலே போய் இடது காதைப் பிடித்தது. விரல் இரண்டு வெட்டுகளிலும் நின்று நின்று நகர்ந்தது. கசீவா பானைக்குள் எதையோ மும்முரமாகப் பார்த்தாள்.

"கட்டி இல்ல," என்றார் கிதோமே, ரொம்ப இனிமையாக. "அருமையான ஆடு. யாரு வளத்தது சம்பந்தி?"

மலூக்கிக்கு இந்தக் காது விவகாரம் எதுவும் தெரியாது. அவன் எழுந்தே விட்டான்.

"கட்டி இல்லையா? அப்ப ஊசிக்காரரு தன் ஆட்டுக்கு மட்டும் ஊசி போடலையா? எங்க ஆடு மட்டும் என்ன, இளிச்சவாய் ஆடா?"

நான் வளர்த்தேன் என்று சொன்னால் போதும். கிழவர் மகளுக்காக வாயை மூடிக்கொண்டாலும் மூடிக்கொள்வார், பெயர் வந்துவிடும். ஆனால் மலூக்கிக்கு என்ன பதில் சொல்வது? வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நேற்றுத் தோண்டிய குழியின் மண் இன்னும் அவர் நகக்கண்ணில் இருந்தது.

"வளத்தது நீங்கதான் அண்ணே," என்றார் முல்வா. "இது உங்க ஆடு. என் ஆடு மூணும் நேத்து விடிகாலைல செத்துப்போச்சு. துள்ளுமாரி. கட்டி தெரியக் கூடாதுன்னு ஊசி போடாம விட்டேன். தானியத்த வேற அள்ளிக் கொட்டுனேன். நானே கொன்னுட்டேன்."

உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு பெருமிதம் வரும் அல்லவா, அது முல்வாவுக்கும் லேசாக வந்தது. மலூக்கி அதை அதிக நேரம் இருக்கவிடவில்லை.

"சரி, உம்ம ஆடு ஊசி போடாததால செத்துச்சு. இவரு ஆட்டுக்கும் ஊசி போடல. அது ஏன் சாகல?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லவேண்டும் என்றால் விழுங்கியதை எல்லாம் வெளியே எடுக்கவேண்டும். முல்வா எடுத்தார். மலையில் திரிகிற ஆட்டுக்குத் துளித் துளியாக விஷம் பழகுவதை, அதன் ரத்தத்திலேயே தடுப்புச் சக்தி ஊறுவதை, ஊசி இல்லாமலேயே பல ஆடுகள் அப்படித் தப்பிப்பதை. வயிறு ஒட்டி இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பலம், திடீரென்று நல்ல தீனி கிடைத்தால் விஷம் வெள்ளமாக வரும், அதை அந்தப் பலம் தாங்காது என்பதையும் சொன்னார். இந்தக் கடைசிப் பகுதியை அவர் சொல்லும்போது ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"இன்னொரு தடவ சொல்லும்," என்றார் கிதோமே. முகம் மலர்ந்துபோயிருந்தது. "ஊசி இல்லாமலே என்னது?"

"ஊசி இல்லாமலே சக்தி வரும் அண்ணே."

"சத்தமா."

"ஊசி இல்லாமலே சக்தி வரும்!"

"கேட்டுக்கிட்டீங்கல்ல எல்லாரும்?"

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு கிதோமே ஆட்டின் கயிற்றைக் கசீவாவிடம் எறிந்தார்.

"என் ஆட்ட எனக்கே குடுத்து எம்பொண்ணக் கூட்டிட்டுப் போறதுன்னா, மாப்பிள்ள வீட்டுக்காரனும் நானேதான். இது ந்தேயோ இல்ல. பிரசவத்துக்குள்ள வேற மூணு கொண்டாங்க. கட்டி இல்லாததா. இப்ப சாப்பிட்டுட்டுப் போங்க."

கிடாய் பிழைத்தது, விருந்தாளிகள் வெறும் இஸ்யோவைத் தின்றார்கள். கறி இல்லாமல் போனதற்கும் ஊசிக்காரர்தான் காரணம் என்று திரும்பும் வழியெல்லாம் பேச்சு. கட்டி இல்லாத ஆட்டுக்கு முல்வா எங்கே போவார்? கட்டிகள் கரைவதற்குள் முவேனி பெற்றுவிடுவாள். பெயர் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் ஊசி போடுகிற நாள். மேற்கே மேகம் கட்டியிருந்தது. ஆனைப்புளிய மரத்தடியில் வேலி தயார், குளிர்பெட்டி தயார், முல்வா தயார். ஆடுதான் இல்லை. வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் ஒருவன் வேகத்தைக் குறைத்து, "ஊசி இல்லாமலே சக்தி வருமாமே ஊசிக்காரரே!" என்று கூவிவிட்டுப் போனான். விறகு சுமந்து போன பெண் பரிதாபமாகப் பார்த்தாள். முதல் ஊசி மட்டும் போட்டு நிறுத்தினால் பாதிச் சுவர் கட்டிவிட்டு வீடு என்று சொல்வது போலத்தான். இதை ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தார். யார் கேட்பார்கள் என்று உட்கார்ந்தார்.

உச்சி வெயிலில் ஆற்று மணலில் புழுதி எழுந்தது. விலா எலும்பு தெரிகிற ஆடுகள், அவற்றின் பின்னால் கோலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு முவேனி, மறு நுனியில் கிதோமே.

"யாருமே வரலையா?" என்றார் வந்ததும்.

"வரல அண்ணே."

"உம்ம பேச்சக் கேட்டதால அவங்க வரல. நானும் உம்ம பேச்சக் கேட்டுத்தான் வந்திருக்கேன்."

முல்வா கேலி என்றே நினைத்தார். முவேனி ஒரு ஆட்டைப் பிடித்து வேலிக்குள் தள்ளினாள். "நெசமாத்தான் மாமா. ராவெல்லாம் அதையே பேசி எங்க உசுர எடுத்துட்டாரு."

கிதோமே வேர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இத்தன வருஷமா 'போடலன்னா சாகும்'னு சொன்னீரு. என் ஆடு சாகல. அப்ப நீரு ஒண்ணு முட்டாளு, இல்ல பொய்யன். ரெண்டுல யாரு கையால ஊசி குத்திக்கிறதுக்கும் எனக்கு இஷ்டமில்ல. அன்னிக்குத்தான் மொத மொறையா வெவரமாப் பேசுனீரு. வயிறு ஒட்டிக் கெடக்குற வரைக்குந்தான் இதுங்களுக்குப் பலம்னீரு. நாளைக்கு மழ பேஞ்சு ஆத்தோரம் பச்சப்புல்லு மொளச்சா, இதுங்க என் பேச்சக் கேட்டு வாய மூடிக்கிட்டு இருக்குமா?"

"இருக்காது."

"அப்ப குத்தும். வயித்துப் பக்கமாக் குத்தும். கட்டி கைல தட்டுச்சுன்னா எனக்கே கோவம் வந்துரும்."

முல்வா குத்த ஆரம்பித்தார்.

"அப்புறம் இன்னொண்ணு," என்றார் கிதோமே, வேறு எங்கோ திரும்பிக்கொண்டு. "உம்ம பட்டில மூணப் புடிச்சு நாளைக்கே அனுப்பும். கட்டியோடயே அனுப்பும். என் பட்டி முழுக்க நோயாளியாக்கிட்டு, இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்தவன் ஆட்டத் தடவிப் பாக்கறது? இவளுக்கும் நாள் நெருங்கிருச்சு."

முல்வா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே முவேனியைப் பார்த்தார். அவள் சிரித்தாள்.

"இனிமே இதுங்க சாகாதுல்ல?" என்றார் கிதோமே.

"சாகவே சாகாது" என்று வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. முல்வா அதை மூடினார். மறுபடி திறந்தார்.

"பெரும்பாலும் சாகாது அண்ணே. செம்மறிக்கு நிக்கிற மாதிரி வெள்ளாட்டுக்கு இந்த மருந்து ரொம்ப நாள் நிக்காது. மூணு வாரத்துல இன்னொண்ணு போடணும். அப்புறமும் சில மாசத்துக்கு ஒருக்காப் போட்டுட்டே இருக்கணும். அப்பவும் ஒண்ணு ரெண்டு போகலாம். தீனியையும் பாத்துத்தான் விடணும்."

கிதோமே கையால் தடவி அடுத்த ஆட்டைப் பிடித்து அவர் பக்கம் தள்ளினார்.

"இத மொத நாளே சொல்லியிருந்தா, மொத நாளே வந்திருப்பேன்யா."

கட்டியோடு மூன்று ஆடுகள் மறுநாள் ஆற்றைத் தாண்டின. அதற்கு அடுத்த நாள் மழை வந்தது. புல் முளைத்தது, ஆடுகள் தின்றன, மலூக்கியின் கிடாய்தான் முதலில் துள்ளியது. பிறகு மில்காரன் வீட்டில், பிறகு வாத்தியார் வீட்டில். பத்து வீட்டில் எட்டு வீட்டுக்காரர்கள் முல்வாவின் வாசலில் வந்து, ஊசி இல்லாமலே சக்தி வரும் என்று நீர்தானே சொன்னீர் என்று சண்டை போட்டுவிட்டு, அந்தச் சண்டையோடேயே இரண்டாம் ஊசியும் போட்டுக்கொண்டு போனார்கள். கிதோமேயிடமும் ஒன்று செத்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. "ஒண்ணு ரெண்டு போகலாம்னு சொன்னாருல்ல," என்று கசீவாவிடம் சொல்லிவிட்டுத் தோலை உரித்தார்.

முவேனிக்குப் பையன் பிறந்தான். மூன்றாம் நாள் முல்வாவின் வீட்டில் வைத்து அவனுக்கு முல்வா என்று பெயர் வைத்தார்கள். கேட்க ஆசைப்பட்ட பெயரைத் தாத்தா இப்போது வேண்டிய மட்டும் கேட்கிறார். சம்பந்தியைப் பெயர் சொல்லித் திட்டக் கூடாது, பேரனைத் திட்டலாம். கிதோமே வாரம் தவறாமல் ஆற்றைத் தாண்டி வந்து, பேரனை மடியில் போட்டுத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்து, வாசலில் ஊசி கழுவிக்கொண்டிருப்பவருக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார்.

"ஏ முல்வா, பாலு குடிச்சியா? பாதிதான் குடிச்சிருக்க, மீதியெல்லாம் கக்கி வச்சிருக்க. பாதிய மறைக்காத, முல்வா. எதுவா இருந்தாலும் முழுசாச் சொல்லணும், தெரிஞ்சுதா?"

"சரி அண்ணே," என்று வாசலிலிருந்து பதில் வரும்.